மனு வேறு, மிளகாய் வேறு

மதினி,

இன்று காலை வாசலில் கோலம் போடக் குனிந்தபோது அந்த நெடி வந்தது. வெயிலில் சருகாகக் காய்ந்த புது மிளகாய் வத்தல் அரைக்கிற மிஷினில் விழுந்ததும் வருமே, அதே நெடி. மாசி வெயில் ஏறிவிட்டது, ஊரில் எல்லார் வீட்டு மாடியிலும் வத்தல் சிவப்பாகக் கிடக்கிறது. நான் தும்மினேன். கோலப்பொடி கையில் இருந்தபடியே அசையாமல் நின்றேன். உங்கள் வீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நீங்கள் இருந்திருந்தால் உள்ளேயிருந்து "நூறு!" என்று கத்தியிருப்பீர்கள். இரண்டாவது தும்மலுக்கு "எரநூறு!" மூன்றாவதுக்கு "போதும் மதினி, கொஞ்சம் எமனுக்கும் வையுங்க!" தும்முகிற சின்னப் பிள்ளைகளுக்கு நூறு வயசு இருக்கட்டும் என்று சொல்வதை, தலை நரைத்த எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் நீங்கள்தான். என் வீட்டுக்காரரை நீங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் நான் உங்களுக்கு மதினி. நீங்கள் மட்டும் எனக்கு எப்படி மதினி ஆனீர்கள் என்று இரண்டு பேருமே யோசித்ததில்லை. சண்டை போடுவதற்கு வசதியான முறை, வைத்துக்கொண்டோம்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டையா? கோவில்பட்டிக்கு வெளியே கம்பும் உளுந்தும் விளைந்த கரிசல் காட்டை மனை போட்டுக் கல் ஊன்றியபோது, நாங்களும் வாங்கினோம், பக்கத்து மனையை நீங்களும் வாங்கினீர்கள். அரசாங்க அங்கீகாரம் உள்ள மனை, குடியிருப்புப் பகுதி. வரைபடத்தில் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு என்று வானம் பார்க்கக் காலியாக விட வேண்டும். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவள். பிந்திப் புறப்பட்ட வண்டியின் டிரைவர்கள் என் ஜன்னலைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவள் வீடு கட்டினால் சட்டப்படிதானே கட்டுவேன்! சொன்ன அளவுக்கு ஒரு விரற்கடை கூடவே விட்டேன். "யக்கா, இம்புட்டு எடத்த விட்டா நடுவுல கோழிக்கூடுதான் கட்ட முடியும்" என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "கோழிக்கூடே கட்டும், ஆனா காத்து வரணும்" என்றேன்.

நீங்களும் பக்கத்தில் இடம் விட்டுத்தான் கட்டினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு, நாகலாபுரத்தில் உங்கள் அண்ணன் வைத்திருந்த மாவு மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலேயே இறக்கினீர்கள். உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து நம் நடுக் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் தகரக் கூரை. எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே மிளகாய் மில்!

"காலியா கெடக்க எடத்துக்கு ஒரு கூரை போட்டா குத்தமா மதினி?" என்று கேட்டீர்கள்.

"குத்தம்தான். காலியா கெடக்கணும்னுதான் அந்த எடத்தையே விடச் சொல்லுதாங்க."

"எடம் காலியா கெடக்கலாம், எங்க ஒலப்பானை காலியா கெடக்க முடியாதுல்லா?"

பேச்சில் தோற்றால் எனக்குக் கோபம் இன்னும் கூடும், உங்களுக்குத் தெரியும். "எங்க செவுத்துல விரிசல் விழுந்திருக்கு, உங்க மிஷின் அதிர்வுதான்" என்று அடுத்த சண்டையைத் தொடங்கினேன். நீங்கள் சிரித்தீர்கள். "கரிசல்ல விரிசல் இல்லாத வீடு எங்கன இருக்கு மதினி? கோடையில நம்ம தெரு வெடிப்புல செருப்பே உள்ள போயிருது!" அதுவும் உண்மைதான். போன கோடையில் என் செருப்பு போயிற்று.

ஆனால் ஒன்று. நான் இன்றைக்கும் சொல்கிறேன், என் பக்கம் நியாயம் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இளைப்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு அந்த ஜன்னல்தான் உலகம். மில் ஓடினால் ஜன்னலைச் சாத்த வேண்டும், சாத்தினால் வேர்க்கும், திறந்தால் நெஞ்சு துருத்திபோல ஏறி இறங்கும். அவர் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? தெருமுனை வீட்டு வாத்தியார் மில்லை மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வந்து, முதல் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். போட்டேன். தெருவே கீழே வரிசையாகப் போட்டது.

போட்ட கையோடு உங்கள் வாசலுக்குத்தான் வந்தேன். "மதினி, உங்க மில்லை மூடணும்னு மனுவுல மொதக் கையெழுத்து நான்தான் போட்டிருக்கேன். பெறவு யார் வாயிலயும் கேட்டு வருத்தப்படாதிய, நானே சொல்லுதேன்."

நீங்கள் முந்தானையால் முகத்துத் தூளைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தீர்கள். உங்கள் மகள் செல்வி அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். மில் நின்றால் அவள் படிப்பும் நிற்கும் என்பது தெருவுக்கே தெரியும். திட்டுவீர்கள் என்று நினைத்துத் திருப்பித் திட்டவும் தயாராக நின்றேன்.

"சரி மதினி" என்றீர்கள். "மல்லி அரைக்கணும்னியளே, கொண்டாங்க. வத்தலுக்கு முன்னாடி போட்டுருவோம், காரம் ஒட்டாது."

அன்றைக்கு ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. கையெழுத்தைத் திரும்ப வாங்கவும் இல்லை.

ஆபீஸிலிருந்து பார்வையிட ஆள் வரப்போகிறது என்றார்கள், என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. வந்தது எந்த நாளில் தெரியுமா? தெரியும், உங்களுக்குத் தெரியாதா! இருந்தாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இதே மாசி மாதம். இரண்டு நாள் மூடாப்புக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடித்த நாள். வருஷத்துக்கு ஒருதரம் அரைத்து வைக்கிற மசால்பொடிக்கு வத்தல் அன்றைக்குத்தான் நொறுங்குகிற பதத்துக்கு வந்தது. வெயில் சூட்டோடு அரைத்துவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் நமத்துப் போகும், நமத்த வத்தலை அரைத்தால் பொடி கட்டி பிடிக்கும். எனவே தெருவே டின்னைத் தூக்கிக்கொண்டு உங்கள் மில் வாசலில் நின்றது. மனுவில் கையெழுத்துப் போட்ட தெரு.

நீங்கள் என்னவோ பயந்துபோய் மிஷினைப் போடவே மாட்டேன் என்றீர்கள். "இன்னைக்கோ நாளைக்கோ சார் வாராவளாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க. ஓடுத மிஷினோட பார்த்தா சீல் வச்சிருவாவ."

"வாரப்ப வரட்டும்! வத்தல் நமத்துப் போச்சுன்னா வருசம் பூரா நீங்களா குழம்பு வைப்பிய? மிஷினைப் போடுங்க மதினி!" என்று வரிசையிலிருந்து கத்தியது யார்? நான்தான். எனக்குக் கோபம் வந்தால் குரல் டிப்போ வரைக்கும் கேட்கும் என்பீர்கள். கேட்டிருக்கும்.

அரிசி முடிந்தது, மல்லி முடிந்தது, வத்தல் விழுந்தது. சரியாக அந்நேரம் பைக்கில் வந்து இறங்கினார் சார். கையில் நம் மனு.

"இந்தத் தெருவுல மில்லால குடியிருக்கவே முடியலைன்னு எழுதியிருக்கீங்க. யாரு மனு போட்டது?"

வாத்தியார் வீட்டம்மா டின்னை முந்தானைக்குள் மறைத்தாள். அவ்வளவு பெரிய டின் முந்தானைக்குள் எப்படி அடங்கும்? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்றைச் செய்தால் செய்தேன் என்று நிற்க வேண்டாமா? முன்னால் போனேன்.

"நான்தான் சார். மொதக் கையெழுத்து என்னோடது."

அவர் என் இடுப்பில் இருந்த டின்னைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"வத்தல்."

"இங்கேயா அரைக்கப் போறீங்க?"

"பின்ன? நீங்க வந்து முடிவு சொல்லுத வரைக்கும் வத்தல் காத்துக்கிட்டு இருக்குமா? மனு வேற, மிளகாய் வேற சார்!"

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. அவரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், உள்ளே போனது மிளகாய்த் தூள். ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், பைக்கே ஆடியது. உள்ளே புகைமூட்டத்துக்குள் நின்ற உங்களுக்கு யார் என்று தெரியவில்லை. "நூறு!" என்றீர்கள். அவர் மறுபடி தும்மினார். "எரநூறு!" அப்புறம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, சாரா!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தினீர்கள்.

நல்ல மனிதர் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப்பைப் பிடித்து அளந்தார், தகரத்தைத் தட்டிப் பார்த்தார், எங்கள் ஜன்னலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடமும் கேட்டார். பிறகு உங்களிடம் நிதானமாகச் சொன்னார். குடியிருப்புப் பகுதியில் வீட்டோடு இந்த மாதிரி சின்ன மோட்டார் வைத்துத் தொழில் செய்ய அனுமதி வாங்கலாம், பகலில் மட்டும் ஓட்ட வேண்டும். ஆனால் பக்கத்தில் விட்ட இடத்தில் கூரை போடவே கூடாது. தகரத்தைப் பிரித்து மிஷினை வீட்டுக்குள் கொண்டுபோனால் மில் இருக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

வீட்டுக்குள் என்றால் எங்கே? உங்கள் வீட்டில் மிஷின் கொள்ளுகிற அறை ஹால் ஒன்றுதான். ரோஸ் பெயிண்ட் அடித்து, செல்வி ஓட்டப் பந்தயத்தில் வாங்கின கப்புகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்த ஹால். சார் போன பிறகு நீங்கள் அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். அதுவரைக்கும் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை.

"ஹாலைக் கொடுத்திரலாம் மதினி. நாளப்பின்ன இவளைப் பொண்ணு பார்க்க வந்தா எங்கன உட்கார வைக்க? மிஷின் மேலயா?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது. "எங்க ஹால் என்னத்துக்கு இருக்கு, கோழி அடைக்கவா? அங்கன உட்காருவாவ! எந்திரிங்க, அலமாரியத் தூக்குங்க!" என்று அதட்டினேன். அலமாரியின் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான். கப்புகள் எங்கள் ஹாலுக்கு வந்தன. இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

தகரத்தைப் பிரித்த அன்று என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "வானம் தெரியுது" என்றார். ஹாலுக்குள் போன பிறகும் நெடி வந்தது, ஆனால் தெருப்பக்கம் போய்விட்டது. அவர் நெஞ்சு அடங்கியது. செல்வி மூன்றாம் வருஷமும் படித்தாள்.

அந்த ஐப்பசி மழையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரிசல் மண் தண்ணீர் குடித்து உப்பியதில் நம் நடுக் காம்பவுண்டுச் சுவர் ஒரு நாள் பொத்தென்று விழுந்தது. "செவுரு உங்க பக்கந்தான விழுந்திருக்கு, நீங்கதான் கட்டணும்" என்றீர்கள். "உங்க பக்கம் இருந்து தள்ளினதுதான் விழுந்திருக்கு, நீங்கதான் கட்டணும்" என்றேன். தை வரைக்கும் இந்தச் சண்டை ஓடியது. மாசியில் சட்டப்படி நீங்கள் விட்ட இடமும் சட்டப்படி நான் விட்ட இடமும் சேர்ந்து வெயில் கொட்டுகிற களமாகக் கிடந்தது. இரண்டு பேரும் அதில் ஒரே சாக்கை விரித்து வத்தல் காயப் போட்டோம். அதற்கப்புறம் சுவர்ப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. எல்லைக்கல் அங்கேயே இருக்கிறது, அதன்மேல் உட்கார்ந்துதான் நீங்கள் காக்கா விரட்டுவீர்கள்.

கயத்தாற்றிலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் ஹாலில்தான் உட்கார்ந்தார்கள். நீங்கள் அன்றைக்கு மில்லுக்கு லீவு விட்டிருந்தும், என்ன பிரயோசனம்? கதவிலும் திரையிலும் உங்கள் சேலையிலும் இருந்த தூள் போதாதா? மாப்பிள்ளைப் பையன் காப்பியை வாயில் வைக்கும்போது தும்மிவிட்டான். நல்ல காரியத்தில் தும்மல்! அவனுடைய பெரியப்பா முகம் சுண்டியது. அடுக்களையிலிருந்து நீங்கள், பழக்கத்தில், "நூறு!" என்று ஒரு கத்து கத்தினீர்கள். பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மா, "சம்பந்தி வாயாலேயே எம்பிள்ளைக்கு ஆயுசு வந்திருச்சு, இதுக்கு மேல என்ன சகுனம்?" என்றாள். முடிந்தது கல்யாணம்.

போன ஆவணியில் நீங்கள் போனீர்கள். கடைசிச் சட்டி கம்பு மாவை அள்ளிக் கொடுத்துவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே சாய்ந்தீர்கள். ஓடுகிற மிஷினை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனசு வருமா? தெருவே அழுதது, நான் மட்டும் திட்டிக்கொண்டே அழுதேன் என்று செல்வி சொல்கிறாள். இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போனால் திட்டாமல் என்ன செய்வது?

செல்வி மாப்பிள்ளையோடு இங்கேயே வந்துவிட்டாள். மில்லை அவள்தான் ஓட்டுகிறாள். வாத்தியார் வீட்டை வாங்கிக்கொண்டு புதிதாக ஒரு தம்பி குடி வந்திருக்கிறார். போன வாரம் அவர் என் வீட்டு மணியை அடித்தார். கையில் என்ன என்று நினைக்கிறீர்கள்? மனு!

"மேடம், இந்த மில்லுக்கு எதிரா முன்னாடி நீங்கதான் முதல் கையெழுத்துப் போட்டீங்களாமே. இதுலயும் நீங்களே ஆரம்பிச்சா நல்லாயிருக்கும். குடியிருப்புப் பகுதியில மில்லு இருக்கலாமா, சொல்லுங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க தம்பி" என்று அவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றினேன். "மிஷின் எங்கன இருக்கு? வீட்டுக்குள்ள. அனுமதித் தாள் எங்கன இருக்கு? அந்தா செவுத்துல. பக்கத்துல எடம் இருக்கா? இருக்கு. நிமிந்து பாருங்க, வானம் தெரியுதா?"

"தெரியுது" என்றார்.

"இப்ப உங்க வீட்டுக்குப் போவோம்."

அவர் வீட்டுப் பக்கத்து இடத்தில் சுவரிலிருந்து சுவருக்கு நீலத் தகரம், அடியில் கார். "இங்கன நிமிந்து பாருங்க தம்பி. வானம் தெரியுதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கார் வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதான் மேடம்..."

"நல்ல கார்தான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலை. ரெண்டு மனுவா எழுதிக் கொண்டாங்க, ரெண்டுலயும் மொதக் கையெழுத்து நானே போடுதேன்."

பாவம், நல்ல பிள்ளைதான். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைக்குழந்தை நெடியில் இருமுகிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு மறந்தா போகும்? பிள்ளை தூங்குகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு செல்வியிடம் போனேன். "ஏட்டி, வத்தலை மத்தியானத்துக்கு மேல போடு, புது வீட்டுப் பிள்ளைக்கு ஆகலை" என்றேன். "சரி அத்தை" என்றாள், உங்களைப் போலவே. காற்று தெருமுனைக்குப் போகாதபடி ஜன்னலுக்குத் தட்டி கட்டவும் ஏற்பாடு செய்தாள். அந்தத் தம்பியின் மனைவி நேற்று வந்துவிட்டாள், இடுப்பில் மல்லி டின்னோடு. கார் ஷெட்டைப் பிரித்தாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா? பாதி பிரித்திருக்கிறார். மீதிக்கு நான் தினமும் அந்த வழியாக நடைப்பயிற்சி போகிறேன்.

இன்று மட்டும் வத்தலை ஏன் காலையிலேயே போட்டாள் என்று கேட்கத்தான், கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். அந்தத் தம்பி வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார்களாம். விவரமாகத்தான் இருக்கிறாள் உங்கள் மகள். ஆனால் உங்கள் மூக்கு அவளுக்கு வரவில்லை. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றும் என் கண்ணெதிரே தும்மினாள். என் வாய் என்னைக் கேட்காமலே "நூறு!" என்றது. மறுபடி தும்மினாள். "எரநூறு!" என்றேன், மோட்டாரை மீறிக் கேட்கிற மாதிரி, டிப்போக் குரலில். அவள் கையில் மிளகாய்ச் சட்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். மிளகாய் நெடிதான் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து உங்கள் கப்பு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கும், என் வீட்டுக்காரருக்கும், மனுவோடு வந்த சாருக்கும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கும் நூறு நூறாக அள்ளிக் கொடுத்தீர்கள். அத்தனை வருஷம் அந்தத் தூளுக்குள்ளேயே நின்றீர்கள், ஒரு தடவைகூட நீங்கள் தும்மி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தும்மல் போட்டிருக்கக் கூடாதா, மதினி? நானும் சொல்லியிருப்பேனே.